ரெஃபர் ஆனவர் யார் கணக்கில் வருவார்?

என்னிடம் படிக்கும் எம்.எஸ்சி. இரண்டாம் வருஷப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வழக்கமாகப் பங்குச்சந்தையைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மழை அளவு. இந்த முறை ஒருத்தி வந்து, "மேடம், எங்கம்மா ஜி.எச்.ல ஆயாவா இருக்காங்க. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆகற செலவுக்கு எவ்ளோ பலன் கிடைக்குதுன்னு மாடல் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. என் அக்கா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு வார்டு பேச்சுதான்.

எடுத்துக்கொண்ட மாடலின் பெயர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ. 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் எழுதியது. அவர்கள் முதலில் மதிப்பிட்டது அமெரிக்காவின் பள்ளிக்கூடத் திட்டம் ஒன்றை. ஆஸ்பத்திரிக்கும் அதே கணக்கு பொருந்தும். உள்ளே போவது டாக்டர், நர்ஸ், படுக்கை, மருந்துச் செலவு. வெளியே வருவது ஓ.பி., உள்நோயாளி, பிரசவம், ஆபரேஷன். இதே ஆளையும் பணத்தையும் வைத்துக்கொண்டு உங்களைவிட அதிகம் செய்கிற ஆஸ்பத்திரி வேறு இருக்கிறதா என்று மாடல் தேடும். இல்லையென்றால் உங்களுக்கு 1. இருந்தால் 0.8, 0.7 என்று இறங்கும்.

பிரசவத்துக்கு இத்தனை மதிப்பு, ஆபரேஷனுக்கு இத்தனை மதிப்பு என்று நாம் எடை போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எது சாதகமோ அந்த எடையை மாடலே கண்டுபிடித்துக்கொள்ளும். அதுதான் இதன் அழகு, அதுதான் இதன் ஓட்டையும். ஆஸ்பத்திரி குறைவாகவும் தலைப்புகள் அதிகமாகவும் இருந்தால் எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் முதல் மார்க் வாங்கிவிடுவார்கள். உள்ளே போவது, வெளியே வருவது இரண்டையும் கூட்டினால் எத்தனை தலைப்போ, அதைப்போல மூன்று மடங்கு ஆஸ்பத்திரியாவது வேண்டும் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். எட்டுத் தலைப்பு என்றால் இருபத்து நான்கு ஆஸ்பத்திரி. ஒரு மாவட்டத்துக்குள் அதற்கு எங்கே போவது?

அதுவும் எங்கள் ஊர்ப் பக்கம் மாவட்டமே நிலையாக நிற்பதில்லை. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. குடியாத்தம் வேலூரிலேயே தங்கியது. பிள்ளைகள் வரைந்து கொண்டுவந்த படத்தில் வேலூர் மாவட்ட அட்மிஷன் 2019-க்கு அப்புறம் தொப்பென்று விழுந்து கிடந்தது. அதற்கு அடுத்த வருஷம் கொரோனா வந்து மீதியையும் கலைத்தது. சரி, மூன்று மாவட்டத்தையும் மறுபடி ஒட்டவைத்து, 1989-ல் பிரிந்துபோன திருவண்ணாமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பழைய வட ஆற்காடு அப்படியே வந்துவிடும். என் அப்பா இன்றைக்கும் விலாசத்தில் 'வ.ஆ. மாவட்டம்' என்றுதான் எழுதுகிறார், அவர் ஒருவருக்காவது சந்தோஷமாக இருக்கும்.

முதல் பட்டியல் வந்ததும் அக்காவிடம் காட்டினேன். டூட்டி முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கீழே. பக்கத்துத் தாலுகாவில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு முழுசாக 1.

"இன்னாடி இது, அவங்களா ஃபர்ஸ்ட்டு?" என்று போனை வாங்கிப் பார்த்தாள். "ஆறு மணிக்கு மேல அங்க யாரு கீறாங்க? வலி எடுத்து ஒருத்தி வந்தா, அட்மிஷன் போட்டு, சீட்டு எழுதி, 108-ல ஏத்தி உட்ருவாங்க. இங்க வந்து நாங்க பாப்போம். எங்களாலயும் முடியலன்னா அடுக்கம்பாறை."

"அட்மிஷன் போட்டுட்டுத்தான் அனுப்புவாங்களாக்கா?"

"போடாம எப்டி அனுப்புவாங்க? கேஸ் ஷீட்டு வேணும்ல."

இந்த ஒரு பதிலில் பட்டியல் மொத்தமும் ஆட்டம் கண்டுவிட்டது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அவள் ஓர் உள்நோயாளி. இரண்டு மணி நேரம் இருந்தாள், ஒரு டிரிப் ஏறியது, செலவு ஒன்றுமில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் அவளே இன்னோர் உள்நோயாளி. ரத்தப்போக்கு நிற்காமல் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்றாவது உள்நோயாளி. அங்கே ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, ஐ.சி.யு.வில் வைத்து, ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரே உடம்பு, மூன்று அட்மிஷன். முதல் இரண்டு இடத்திலும் 'குறைந்த செலவில் ஒரு நோயாளி' என்று பதிவு. செலவு முழுவதும் மூன்றாவது இடத்தின் தலையில்.

இதைச் சேர்த்துப் பார்க்கலாமே என்றால் அதற்கும் வழியில்லாதபடிதான் அமைப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையில் வரும். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தில் வரும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகத்தில் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கினால் நோயாளி ஒரே ராத்திரியில் மூன்று இயக்குநரகத்தைத் தாண்டுகிறார், அவருடைய ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், ஒவ்வொரு வாசலிலும் புதிதாகப் பிறக்கிறது. அதனால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவையும் தாலுகாவில் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்க, இவங்க இத்தனை மடங்கு வீண் பண்றாங்க" என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. நோயின் கடுமையைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு அது. அமெரிக்காவில் இதற்காகத்தான் ஒரே மாதிரி நோயும் செலவும் உள்ள நோயாளிகளை டி.ஆர்.ஜி. என்ற வகைகளாகப் பிரித்து, 1983 முதல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் பணத்தை அந்த வகைப்படி கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்முடைய கேஸ் ஷீட்டில் டயக்னோசிஸ் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகையில் போடுவது?

அக்காவின் வார்டு சென்சஸ் நோட்டை ஒருநாள் பார்க்கக் கிடைத்தது. நீள நோட்டு, சிவப்புப் பேனாவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. நேற்றைய இருப்பு, புது அட்மிஷன், வேறு வார்டிலிருந்து வந்தவர், டிஸ்சார்ஜ், ரெஃபர் (வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்), சொல்லாமல் போனவர், இறப்பு, இன்றைய இருப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலை எண்ணி எழுத வேண்டும். ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரம் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இந்த ஒரு வரிதான். காலையில் எட்டு மணிக்கு வந்து, வாந்தி பேதிக்கு நாலு பாட்டில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் போனவர் நள்ளிரவு எண்ணிக்கையில் வர மாட்டார். ஆனால் அவருக்கும் ஊசி போட்டது இந்தக் கைதான். படுக்கை இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தலைக்கணக்கில் வருவார், அனுமதிக்கப்பட்ட படுக்கைக் கணக்கில் இல்லை. படுக்கை நிரம்பிய அளவு 120 சதவீதம் என்று எங்காவது பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், மீதி இருபது தரையில் இருக்கிறது.

இந்த நோட்டிலிருந்து கிளம்பும் இன்னொரு பழைய முறை உண்டு. கொலம்பியாவைச் சேர்ந்த பபோன் லாசோ 1986-ல் எழுதியது. கம்ப்யூட்டர் கூட வேண்டாம், கட்டம் போட்ட தாள் போதும். ஒரு பக்கம் படுக்கை நிரம்பும் சதவீதம், இன்னொரு பக்கம் ஒரு படுக்கையில் வருஷத்துக்கு எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள் என்பது. இரண்டுக்கும் சராசரியில் கோடு போட்டால் நாலு கட்டம். இரண்டிலும் சராசரிக்கு மேல் இருப்பவர்கள் நல்ல கட்டம்.

ஒரு பேச்சுக்கு இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டிலும் 100 படுக்கை, வருஷத்துக்கு 6,000 அட்மிஷன். ஒரு படுக்கைக்கு 60 பேர், இரண்டும் சமம். ஓர் இடத்தில் சராசரியாக 4 நாள் வைத்திருக்கிறார்கள். 24,000 படுக்கை நாள், இருக்கிற 36,500-ல் 66 சதவீதம். இன்னோர் இடத்தில் 6 நாள். 36,000 படுக்கை நாள், கிட்டத்தட்ட 99 சதவீதம். அதே வகை நோயாளிகளை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்ட ஆஸ்பத்திரி 'நல்ல' கட்டத்துக்குப் போய்விடும். நாலு நாளில் குணமாக்கி அனுப்பியது 'படுக்கை காலி' என்று பேர் வாங்கும். லேப் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆவதாலும், ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் எழுத ஆள் இல்லாததாலும் கூட அந்த 6 நாள் வந்திருக்கலாம். படம் இதையெல்லாம் சொல்லாது. ஆனால் இந்த வார்டில் ஏன் 6 நாள் என்று கேட்க வைக்கும், அந்த அளவுக்கு எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

செலவுப் பக்கம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மருந்துக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் விலையைப் போட வேண்டும், மெடிக்கல் ஷாப் விலையை அல்ல. 1995 முதல் அவர்கள்தான் மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அதில் கழிந்துகொண்டே வரும். இந்தக் கணக்கு மற்ற எதையும்விட சுத்தமாகக் கிடைக்கும். சலவை, சமையல், கரண்ட், அலுவலகம் இவற்றின் செலவைப் படிப்படியாக வார்டுகளுக்குப் பிரித்து இறக்க வேண்டும். பெரிய தொகை சம்பளம். வம்பும் அங்கேதான். சம்பள ரூபாயை அப்படியே மாடலில் போட்டால், எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியத்தில் வந்த நர்ஸ்கள் நிறைய இருக்கும் ஆஸ்பத்திரி சிக்கனமான ஆஸ்பத்திரி ஆகிவிடும். இருபது வருஷ சர்வீஸ் போட்ட நர்ஸ்கள் இருக்கும் இடம் ஊதாரி ஆகிவிடும். குறைந்த சம்பளத்துக்கு ஆளை வேலை வாங்குவதைத் திறமை என்று ஒரு மாடல் சொன்னால், அந்த மாடலைத்தான் மாற்ற வேண்டும். ரூபாய்க்குப் பதில் ஆள் கணக்கைப் போடச் சொன்னேன்.

அடுத்தது பாம்புக்கடி. ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஜவ்வாது மலை அடிவாரம், இங்கெல்லாம் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு இது ஆண்டு முழுவதும் உள்ள பயம். விஷமுறிவு மருந்து எட்டு முதல் பத்துக் குப்பி வரை எடுத்தவுடன் போடுவார்கள். பெரும்பாலானவர்கள் சில நாளில் எழுந்து போய்விடுவார்கள். கண்ணாடி விரியன் கடித்துக் கிட்னி நின்றுபோனால் டயாலிசிஸ், ஐ.சி.யு., வாரக்கணக்கு. செலவின் வடிவமே இப்படித்தான்: நிறையப் பேருக்குக் கொஞ்சம், கொஞ்சம் பேருக்கு மலையளவு. உதாரணத்துக்குப் பத்துப் பேர், ஒன்பது பேருக்குத் தலா 2,000, ஒருவருக்கு 60,000 என்று வையுங்கள். சராசரி 7,800. வரிசையில் நடுவில் இருப்பவரின் செலவு 2,000.

பிள்ளைகள் பாடத்தில் படித்தபடி பெரிய தொகைகளின் இழுப்பைக் குறைக்க லாகரிதம் எடுத்து, செலவு எதைப் பொறுத்து மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரஷன் போட்டு, திருப்பி ரூபாயாக மாற்றினார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது பெருக்கல் சராசரி, அதாவது கூட்டி வகுக்காமல் எல்லாவற்றையும் பெருக்கி மூலம் எடுப்பது. இந்தப் பத்துப் பேருக்கு அது சுமார் 2,810. பத்தால் பெருக்கினால் 28,100. ஆனால் ஆஸ்பத்திரி செலவழித்தது 78,000. 28,100 ரூபாய் பட்ஜெட் கொடுத்துவிட்டு மீதிக்கு யாரிடம் போய்க் கேட்பார் சூப்பரின்டெண்ட்? இந்தக் குறையைச் சரிசெய்ய டுவான் என்பவர் 1983-ல் கொடுத்த திருத்தத்தைச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள காமா பரவலை வைத்து நேரடியாகச் சராசரியையே மதிப்பிடும் மாடலைப் போடலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். 60,000 ரூபாய்க்காரரை 'விதிவிலக்கு' என்று தூக்கிவிடலாமா மேடம் என்று ஒருவன் கேட்டான். அவர்தான்டா ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது என்பதற்குப் பதில் என்றேன்.

இதற்கெல்லாம் மேலே என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஸ்க்ரப் டைஃபஸ். வேலூர்ப் பக்கம் மழைக்காலம் முடிந்து குளிர் வரும்போது வரும் காய்ச்சல். புதர்களில் இருக்கும் உண்ணிக் குஞ்சு போன்ற சின்னப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் வலிக்காத ஒரு கருப்புப் பொருக்கு. அக்குளில், இடுப்பு மடிப்பில், மார்புக்குக் கீழே, நோயாளிக்கே தெரியாத இடத்தில் இருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளின், சில ரூபாய் மாத்திரை. அக்கா ஓ.பி.யில் இருந்த நாட்களில் காய்ச்சல் என்று வரும் பெண்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், "கூச்சப்படாத பெரிம்மா, ஒரு நிமிஷம்" என்று பார்ப்பாளாம். பொருக்கு கண்ணில் பட்டால் நேரே டாக்டர் மேஜைக்கு.

இப்போது டி.இ.ஏ.விடம் திரும்பி வாருங்கள். பொருக்கைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்து அனுப்பிய ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஓ.பி. சீட்டு. பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு, அதே அம்மா ஐந்தாறு நாள் கழித்து மூச்சுத்திணறலோடு வருகிறார். ஓர் உள்நோயாளி, பத்துப் படுக்கை நாள், ஐ.சி.யு. அந்த உள்நோயாளி மாடலின் பார்வையில் 'வெளியே வந்த பலன்'. உள்நோயாளியையோ படுக்கை நாளையோ பலன் என்று எண்ணும் எந்த மாடலும், நோயை முதலிலேயே பிடித்தவரைத் தண்டித்து, கோட்டைவிட்டவருக்கு மார்க் போடும். இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கூட்டத்தில் ரேங்க் பட்டியல் கேட்ட அதிகாரி ஒருவருக்குப் புரியவைக்க முடியவில்லை. "அதெல்லாம் சரிங்கம்மா, கடைசியில யாரு முதல்?" என்றார்.

செலவுக்கு ஏற்ற பலன் என்று சொல்ல வேண்டுமானால் பலன் பக்கத்தில் நோயாளிக்கு என்ன ஆனது என்பது இருக்க வேண்டும். அதற்கு நம் ஊரிலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று, ஏழு ஆஸ்பத்திரிகளில் கடுமையான ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழு, எல்லாமே ரத்தக்குழாய் வழியாக. இறப்பு, நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டும் சேர்ந்த குழுவில் 33 சதவீதம், தனித்தனிக் குழுக்களில் 47, 48. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை, சிக்கல்தான் குறைந்தது. வித்தியாசம் 14 சதவீதம் என்றால், ஏழு பேருக்கு இரண்டாவது மருந்தையும் கொடுத்தால் ஒருவர் இந்த மூன்றிலிருந்தும் தப்புகிறார். ஏழு பேருக்கான கூடுதல் மருந்துச் செலவு ஒரு பக்கம், ஒருவர் ஐ.சி.யு.வில் கூடுதலாகப் படுக்கும் நாட்கள் இன்னொரு பக்கம். இப்படிக் கேட்டால் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி முதல் என்ற கேள்விக்கு இந்த அளவு அர்த்தம் இல்லை.

டி.இ.ஏ.வை விட்டுவிட்டு 1977-ல் வந்த ஸ்டோகாஸ்டிக் ஃப்ரான்டியர் என்ற இன்னொரு மாடலுக்குப் போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனோம். அது அதிர்ஷ்டத்தையும் திறமைக்குறைவையும் பிரித்துப் பார்க்கப் பார்க்கும். பெங்களூர் ஹைவேயில் ஒரு பஸ் கவிழ்ந்து ஒரே ராத்திரியில் வார்டு நிரம்பினால் அதை ஆஸ்பத்திரியின் குற்றம் என்று சொல்லாது. நல்லதுதான். ஆனால் எண்ணாத நோயாளியை அதுவும் எண்ணாது.

எண்ணாத செலவும் ஒன்று உண்டு. அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் மகள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவள் என்றால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளில் ஒன்றுமில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவளுக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பு. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், சாப்பாட்டுக்கும் டீக்கும் அல்ல. ரெஃபர் செய்யும் ஆஸ்பத்திரி மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு பகுதி இந்த மகளின் முந்தானை முடிச்சிலிருந்து போகிறது. அரசு தரப்புச் செலவை மட்டும் கூட்டினால் இது எங்கும் தெரியாது.

கடைசியில் புராஜெக்டில் ரேங்க் பட்டியலையே எடுத்துவிட்டோம். ரெஃபர் செய்து அனுப்பியவர்களை உள்நோயாளி எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினோம். 1 வாங்கிய சின்ன ஆஸ்பத்திரி இறங்கியது. அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவங்கள மட்டும் சொல்லிக்கினு இருக்காதடி, அங்க மயக்க டாக்டரே கிடையாது. ராத்திரி ஆபரேஷன் எப்டி செய்வாங்க?" என்றாள். அதுவும் மாடலில் இல்லாத தலைப்புதான். மயக்க மருந்து டாக்டர் ராத்திரி டூட்டியில் உண்டா, இல்லையா என்று ஒரு தலைப்பு இப்போது சேர்ந்திருக்கிறது.

அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வைத்திருப்பது, ரெஃபர் சீட்டில் இருக்கும் நேரத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தின் அட்மிஷன் நேரத்தையும் இணைப்பது. வயது, ஆணா பெண்ணா, ஊர், நேரம் இவ்வளவு இருந்தால் பெயர் இல்லாமலே பாதிப் பேரையாவது இணைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் ரெஃபர் நோட்டில் கிளம்பிய நேரம் எழுதுகிறீர்களா, சேரும் ஆஸ்பத்திரியின் பெயர் எழுதுகிறீர்களா, அது மட்டும் தெரிந்தால் போதும்.